பக்கெட் மாமன் தலையில் என் கால்

வசந்தாவின் தலையில் நான் கால் வைத்தபோது அந்த அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். வசந்தாவின் அண்ணன் தங்கப்பன் கையில் பாதி உளுந்துவடை இருந்தது. என் அத்தான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நான்.

கால் என்னுடையது என்று சொன்னேன். சரியாகச் சொன்னால் அது டிவிக்குள் இருந்த ஒரு குண்டு மனிதனின் கால். ஜாய்ஸ்டிக்கை வைத்து அவனை நான் ஆட்டிக்கொண்டிருந்தேன். தலையும் வசந்தாவின் தலை இல்லை. அவள் ஆட்டிக்கொண்டிருந்த இன்னொரு குண்டு மனிதனின் தலை. இதையெல்லாம் பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. கால் பட்டுவிட்டது. நம் ஆட்கள் கால் பட்டால் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன்.

என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன் கைக்குட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

கைக்குட்டை

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்குக்குப் பின்னால், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி என் இஸ்திரி வண்டி நிற்கிறது. இஸ்திரி போடுகிறவனுக்கு அங்கே 'தேப்புக்காரன்' என்று பேர். காதலித்துவிட்டுக் கைவிடுகிறவனையும் இப்போது மலையாளத்துப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். "சேட்டா, இதுவரைக்கும் எத்தனை பேரைத் தேச்சு?" என்று சட்டை வாங்க வரும்போது கேட்பார்கள். ஒருத்தியைக் கைவிட வேண்டுமென்றால் முதலில் அவளிடம் பேசியாக வேண்டும். அந்தக் கட்டத்துக்கே நான் வந்ததில்லை.

கூச்சம் எனக்கு அவ்வளவு. மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். நான் வாய் பேச முடியாதவன் என்று அவர் நினைத்துக்கொண்டார். துணியைக் கொடுத்துவிட்டு விரலை விரித்து எண்ணிக்கை காட்டுவார். கையை வளைத்து, எப்போது கிடைக்கும் என்று கேட்பார். நானும் கையாலேயே பதில் சொன்னேன். அவரைத் திருத்துவதைவிட அது சுலபமாக இருந்தது. ஒரு நாள் வண்டிக்குள் ஓணான் புகுந்ததும் "அய்யோ" என்று கத்திவிட்டேன். டீச்சர் பயந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் துணியை வேறு எங்கோ கொடுத்தார். ஏமாற்றப்பட்டதாக நினைத்திருப்பார்.

வசந்தா கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு வேட்டி எடுக்க அங்கே போயிருந்தேன். யாரோ விரித்துப் போட்டுவிட்டுப் போன சேலையை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நுனியையும் பிடித்து ஒரு உதறு. அந்த ஒரு சத்தத்திலேயே சுருக்கமெல்லாம் போய்விட்டது. துணி மடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆனாலும் வேட்டியை மறந்துவிட்டு நின்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ன வேணும்?"

அவள் முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியில் கைக்குட்டை இருந்தது. அதைக் காட்டினேன்.

அடுத்த வாரமும் கைக்குட்டை. அதற்கடுத்த வாரமும் அதுவே. சளி பிடித்த ஒரு பட்டாளத்துக்கே போதும்படி என் பெட்டியில் கைக்குட்டை சேர்ந்தது. ஒரு நாள் அத்தான் தீப்பெட்டி தேடிப் பெட்டியைத் திறந்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். கட்டட வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர். என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான்.

"என்னடே மாப்ளே இது, கடை வைக்கப் போறியா?"

அத்தான் கைக்குட்டையில் இருந்த கடைப் பேரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

வீடு காணல்

வசந்தாவுக்குச் சொந்த ஊர் பாறசாலை. கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அண்ணன் தங்கப்பன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அத்தான் அவரை டிப்போ வாசலிலேயே பிடித்துப் பேசினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தங்கப்பன், கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஆளு பேசமாட்டாருன்னு கேள்விப்பட்டேன். அதுதான் தங்கச்சிக்கு ஒரு சம்சயம். முன்னத்தவரும் பேசமாட்டாரு. எதுக்குப் பேசல்லன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல்ல, கேட்டியளா."

அத்தான் இதை என்னிடம் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்தார். "மாப்ளே, எனக்கும் வயசாகுது. இனிமே உனக்காக இன்னொரு வீட்டு வாசல்ல போயி நிக்க மாட்டேன். அவ வீடு பாக்க வரும்போது ரெண்டு வார்த்தை பேசிரு. ரெண்டே ரெண்டு."

வீடு காணல் என்று இங்கே ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டு ஆண்கள் மாப்பிள்ளையின் வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். பெண் வருவதில்லை. ஆனால் வசந்தா தானே வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டாள். தங்கப்பனுக்கு அதில் இஷ்டமில்லை. "இருக்கப்போறது நானாக்கும், நீயில்ல" என்று அவள் சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

என் வீடு என்பது ஒரு பழைய குடோனுக்கு மேலே இருந்த ஒற்றை அறை. ஏறிவர வெளியே இரும்புப் படிக்கட்டு. அக்காவுக்கு அன்று காய்ச்சல். அதனால் அத்தானே வடையும் டீயும் ஏற்பாடு செய்தார். காலையிலிருந்து என்னிடம் ஒத்திகை பார்த்தார்.

"வாங்கன்னு சொல்லு."

"வாங்க."

"என்னைப் பாத்து நல்லாத்தான் சொல்லுத. அவளைப் பாத்துச் சொல்லணும்டே."

பக்கெட் மாமன்

திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில், நான் இன்னும் மீசை முளைக்காதவன், கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி, அதில் கண்ணாடி, கண்ணாடிக்குள் படம். காசு போட்டால் ஓடும். பழைய எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை அந்தக் கடைக்கு.

அங்கே எல்லோரும் மொய்த்த பெட்டியில் ஒரு குண்டு ஆள் இருந்தான். மூக்கு பெரிது, கையில் வாளி. வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். சொட்டு விழும் இடத்துக்கெல்லாம் அவன் வாளியோடு ஓட வேண்டும். கோட்டை விட்டால் வீட்டில் தண்ணீர் ஏறும். 'ப்ளப்' என்று சத்தம் வரும். அவன் மல்லாந்து மிதப்பான். வெளிநாட்டுக்காரன் வைத்த பேர் பெட்டியில் ஒட்டியிருந்தது. பாதி கிழிந்துவிட்டது. கிழியாமல் இருந்தாலும் யாரும் படித்திருக்க மாட்டோம். பக்கெட் மாமன் என்று சொன்னால் கிழக்கேகோட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

மாமனுக்கு இடம், வலம் இரண்டு திசைதான். குதிக்கத் தெரியாது. ஏறத் தெரியாது. விதி மேலேயிருந்து ஒழுகுவதைக் கீழே நின்று பிடித்துக்கொண்டே இருப்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஆடுகிறவர்களின் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பேன். என் முறை வரும் என்று பயந்து கொஞ்சம் தள்ளியே நிற்பேன். அந்தப் பெட்டியில் நான் ஒரு தடவைகூடக் காசு போட்டதில்லை.

கடை போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஆனால் மாமன் போகவில்லை. எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்க்காரப் பையனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. போகும்போது ஒரு மூட்டை ஹேங்கர், வாடிப்போன ஒரு மணி பிளாண்ட், கேம் ஆடும் ஒரு பெட்டி மூன்றையும் என் வண்டியில் வைத்துவிட்டுப் போனான். பெட்டியை டிவியில் மாட்டினேன். அதே மூக்கு, அதே வாளி.

ஆனால் மாமன் ஆளே மாறிவிட்டான். யாரோ அவனுக்குக் காலைக் கொடுத்திருக்கிறார்கள். ஓடுகிறான், குதிக்கிறான், பரணுக்குப் பரண் தாவுகிறான், வாளியைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறான். ஒழுகுவதைப் பிடித்தது போதும், மேலே உட்கார்ந்து ஓட்டை போடுகிறவன் யார் என்று பார்த்துவிடுவோம் என்று மாடி மாடியாக ஏறிப் போகிறான். அத்தனை வருஷம் கீழே நின்றவனுக்கு ஒரு நாள் கோபம் வந்திருக்கிறது. நான் தினமும் அவனை ஏற்றிக்கொண்டிருந்தேன். தனியாகத்தான். இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம் என்று தெரியும். இரண்டாவது ஜாய்ஸ்டிக் பாலிதீன் உறையிலேயே கிடந்தது.

வாங்க

அவர்கள் படியேறி வந்தபோது மழையும் கூடவே வந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு. செருப்பை வாசலில் போட்டுவிட்டு வசந்தா நிமிர்ந்தாள். அத்தான் என் முதுகில் குத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"வாங்கன்னு சொல்லுதான்" என்று எனக்காக அவர்களிடம் சொன்னார் அத்தான்.

தங்கப்பன் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஒழுகுமோ?"

"ஒரு சொட்டு விழாது" என்றார் அத்தான்.

சொட்டு தங்கப்பனின் வடைத் தட்டில் விழுந்தது. அடுத்தது அவர் வழுக்கையில் விழுந்தது. அத்தான் தட்டை நகர்த்துவதா தங்கப்பனை நகர்த்துவதா என்று தடுமாறினார். வசந்தா மூலையில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். டொக், டொக் என்று அது தன் வேலையைத் தொடங்கியது. அதன் பிறகு அறையில் பேசிக்கொண்டிருந்தது அந்த வாளி மட்டும்தான்.

தங்கப்பன் தொண்டையைச் செருமினார். வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. எந்தப் பஸ் வருகிறது என்று தூரத்தில் பலகையைப் படிக்கிற மாதிரி. நான் வாளியைப் பார்த்தேன்.

அத்தான் டிவியைப் போட்டார். மழைக்குக் கேபிள் போயிருந்தது. கையில் கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்தினார். திரையில் பெரிய மூக்கு வந்து நின்றது.

"அண்ணா, இது பக்கெட் மாமன்தானே?" என்றாள் வசந்தா.

தங்கப்பன் வடையோடு முன்னால் நகர்ந்தார். "மாமனா? அவன் செத்துப்போகல்லியா?"

"சின்னதுல அப்பா கூட கிழக்கேகோட்டைக் கோயிலுக்கு வந்தா நான் இதுலதான் நிப்பேன்" என்று அவள் அத்தானிடம் சொன்னாள். "சாமி கும்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்." பிறகு என்னிடம், "இப்ப குதிப்பானோ?"

தலையாட்டினேன். பாலிதீன் உறையைப் பிரித்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவளிடம் கொடுத்தேன். பேசாமல் செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்கு உயிர் வந்தது.

கால்

நான் சிவப்புச் சட்டை மாமன். அவள் பச்சைச் சட்டை மாமன். பொத்தான்களைப் பழகும்வரை இரண்டு தடவை குழியில் விழுந்தாள். மூன்றாவது தடவை எனக்கு முன்னால் ஓடினாள்.

"முன்னோட்டு போ, முன்னோட்டு போ" என்று தங்கப்பன் பின்னாலிருந்து கையால் தட்டினார். கண்டக்டர் வேலை கையிலேயே இருந்தது. "அங்க எடம் கெடக்குல்லா, நீங்கி நில்லு."

நான்காவது மாடியில் உயரமான சுவர் ஒன்று வரும். தனியாக ஆடினால் ஏறுவதற்கு ஒரு மரப்பெட்டி இருக்கும். இரண்டு பேர் என்றால் பெட்டி இல்லை. ஒருவன் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவன் அவன் தலைமேல் ஏறிக் குதித்து, மேலே போய்க் கயிறு போட வேண்டும். கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். இது எனக்கு முன்பே தெரியாது. தனியாக ஆடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

வசந்தாவின் பச்சைச் சட்டை சுவரடியில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டது. நான் வந்த வேகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினேன். என் மாமன் துள்ளி அவள் தலையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

எனக்கு உடம்பு கூசியது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே போட்டேன். எட்டி, டிவி கண்ணாடியில் பச்சைச் சட்டையைத் தொட்டேன். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு தடவை போதாது என்று தோன்றியது. இன்னொரு தடவை தொட்டேன்.

ப்ளப். இரண்டு மாமன்களும் மல்லாந்து மிதந்தார்கள்.

அறையில் டொக், டொக்.

"எந்தா இது?" என்றார் தங்கப்பன். "டிவியைக் கும்பிடுதாரே."

"பக்தி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அத்தான். அவர் முகம் வெளுத்திருந்தது.

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "இப்ப எதுக்குக் கும்பிட்டீங்க?"

"கால் பட்டுச்சு" என்றேன்.

"எங்க?"

"உங்க தலையில."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். தங்கப்பன்தான் சிரித்தார், வடை புரையேறும் அளவுக்கு. அவள் சிரிக்கவில்லை. "திரும்பப் போடுங்க" என்றாள்.

மறுபடி அதே சுவர். அவள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் ஏறியது.

"ஏறுங்க."

நான் ஏறவில்லை.

"ஏறாம எப்படி மேல போறது?"

"நீங்க ஏறுங்க" என்று என் வாளியைக் கவிழ்த்தேன்.

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் தலையில் ஏறி, வேண்டுமென்றே இன்னொரு தடவை அங்கேயே குதித்து, மேலே போய்க் கயிறு போட்டாள். தண்ணீர் என் மூக்கைத் தொடும்போது நான் கயிற்றில் இருந்தேன். தங்கப்பன் விசில் அடித்தார். பஸ்ஸைக் கிளப்பும் டபுள் பெல்.

அதற்கப்புறம் திரையில் வேகம் குறைந்தது. வசந்தா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், அவர்கள் இருவருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"பேசவே மாட்டீங்களா?"

"வராது."

"எது?"

"வார்த்தை. அது வர்றதுக்குள்ள ஆளு போயிருவாங்க."

பச்சைச் சட்டை ஒரு பரணில் நின்றது. "கோவம் ஒண்ணும் இல்லியே?"

"யார் மேல?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

இரண்டு பரண் தாண்டிய பிறகு, "கைக்குட்டையெல்லாம் தீந்துபோச்சா?" என்றாள்.

என் மாமன் தானாகவே குழியில் போய் விழுந்தான்.

படிக்கட்டு

மழை விட்டதும் கிளம்பினார்கள். தங்கப்பன் எதற்கும் பிடி கொடுக்காமல், "சொல்லியனுப்புதோம்" என்று படியிறங்கினார். அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு, மழை இல்லை என்பதையே மறந்து, அவர் பின்னால் ஓடினார்.

வாசலில் செருப்புகள் ஈரத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. வசந்தா தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டாள். நான் கதவோரம் வெறுங்காலோடு நின்றேன். ரெண்டு வார்த்தை பேசியாகிவிட்டது, அதற்கு மேலும் பேசியாகிவிட்டது, ஆனால் இப்போது சொல்ல வேண்டியது என்ன என்று தெரியவில்லை. அவளோ முதல் படியில் இறங்கப் போகிறாள்.

இறங்கவில்லை. திரும்பி வந்து என் வலது பாதத்தில் காலை வைத்தாள். ஈரச் செருப்போடு, அழுத்தமாக. தவறிப் பட்ட கால் இல்லை அது.

பழக்க தோஷத்தில் நான் குனியப் போனேன்.

"மிதிச்சது நானாக்கும்" என்றாள். "நமக்குள்ள நான் கும்பிடப் போறதில்ல, கேட்டீங்களா."

போய்விட்டாள். இரும்புப் படிகள் டங் டங் என்று கீழே வரைக்கும் ஒலித்தன.

அத்தான் திரும்பி வந்தபோது நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் குடையை மூலையில் எறிந்தார். வாளியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார்.

"போச்சு மாப்ளே. வீடு ஒழுகுது, மாப்பிள்ளை டிவியைக் கும்பிடுதான். எவன் பொண்ணு குடுப்பான்? போகும்போது அவ ஏதாவது சொன்னாளா?"

"காலை மிதிச்சிட்டுப் போனா."

"அடப்பாவி. அவ்வளவு கோவமா?"

என் பெருவிரல் நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. நன்றாக வலித்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அவரிடம் அதுவரைக்கும் நான் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினேன்.

"அத்தான், அக்காவுக்குக் காய்ச்சல் விட்டதும் நல்ல நாள் பாக்கச் சொல்லுங்க. கூரைக்கு ரெண்டு தகரம் வாங்கணும். வடை மிச்சம் இருந்தா ஒண்ணு குடுங்க."